மத்தி முள்

நான்காம் கூடத்தில் எனக்கொரு நாற்காலி உண்டு.
உட்காரக் கூடாது என்பது விதி.
எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள்
கவிழ்த்த மரப்பெட்டியின் மேல்
அறுபத்து மூன்று வருடமாய்.

வெண்கலம். எடை எழுபத்தெட்டு கிலோ.
இடது பாதத்தை வலது தொடைமேல் தூக்கி வைத்துக்
குனிந்து உள்ளங்காலைப் பார்க்கிறாள்.
தகடு சொல்கிறது:
‘சிந்தனையில் ஒரு பெண்.
இல்டா கின்தானில்யா, 1961.’
பள்ளிப் பிள்ளைகள் வரும்போது
வழிகாட்டிப் பெண் குரலைத் தாழ்த்தி
தன்னுள் ஆழ்தல் என்பாள்.
ஒன்பது வருடம் நானும் நம்பியிருந்தேன்.

பிப்ரவரி, ஒரு வியாழன்.
போர்த்தோவில் விடாத தூறல்.
எண்பது தாண்டிய ஒருத்தி வந்தாள்.
குடையை வாசலில் வாங்கிக்கொண்டு
கைத்தடியை விட்டுவைத்திருந்தார்கள்.
நேரே சிலையிடம் போய்
அதன் குதிகாலில் விரல் வைத்தாள்.

‘தொடாதீர்கள், அம்மா.’

‘அசையாதே என்றாள் அவள்.
தொடாதே என்கிறாய் நீ.
என் காலை வைத்துக்கொண்டு
என்னதான் செய்வது நான்?’

பெயர் தெவோலிந்தா.
மத்தோசின்யுஷ் துறைமுகத்தில்
மத்தி அடைக்கும் ஆலையில் வேலை.
படகு வந்தால் சங்கு ஊதும்.
ஆலைக்கு ஆலை சங்கின் குரல் வேறு,
எந்தத் தூக்கத்திலும் நம்முடையது நமக்குத் தெரியும் என்றாள்.
தலையைக் கிள்ளிக் குடலை இழுத்து
தகரத்தில் அடுக்கிச் சம்பாதித்ததைவிட
அசையாமல் உட்கார்ந்தால் கூடுதல் காசு.
பதின்மூன்று ஞாயிறு.

‘சிந்தனையாம் சிந்தனை!
காலில் முள் ஏறியிருந்தது, மத்தி முள்.
முதல் நாள் அதைத்தான் தேடினேன்.
அப்படியே இரு என்று கத்தினாள்.
மறுநாளே முள் வந்துவிட்டது.
மிச்சம் பன்னிரண்டு ஞாயிறும்
இல்லாத முள்ளைத் தேடினேன்.

குளிரென்றால் குளிர்.
கணப்புச் சட்டியைக் கிட்டே வைக்க மாட்டாள்,
களிமண் காய்ந்துவிடுமாம்.
போகும்போது அதற்கு ஈரத்துணி சுற்றி
ஓரத்தைச் செருகி மூடுவாள்.
எனக்கு ஒரு கோப்பை பார்லிக் காபி.’

பிறகு சிலையின் வயிற்றைக் காட்டினாள்.
குனிந்தவளுக்கு அங்கே மடிப்பு விழ வேண்டும்.
விழவில்லை.
வார்த்தவர்கள் பிழை என்றே நினைத்திருந்தேன்.

‘ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.
ஆலைக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.
மோதிரமும் இல்லை, விரலைப் பார்.
அவள் கேட்கவே இல்லை.
ஞாயிறுதோறும் நான் உட்கார்ந்ததும்
கட்டைவிரலளவு மண் எடுத்து
இங்கே அப்புவாள்,
ஜன்னல் பக்கம் திரும்பி
மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே.’

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.
ஒன்றின்மேல் ஒன்றாய்
விரல் அழுத்திய தடங்கள்.
மற்ற இடமெல்லாம் கரண்டியால் வழித்த மழமழப்பு.

பிள்ளை? என்றேன்.

‘ரூவானில் டிராம் ஓட்டினான்.
போன வருடம் ஓய்வு. இரண்டு முழங்காலும் போச்சு.
இதெல்லாம் அவனுக்குத் தெரியாது.’
கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.
‘உள்ளே என்ன இருக்கிறது?’

ஒன்றுமில்லை, வார்ப்பு அப்படித்தான் என்றேன்.
மெழுகு உருகி ஓடிய தடத்தில் உலோகம்,
விரல் கனம்கூட வராது.
நடுவே வெறும் காற்று.

‘ஒன்றுமே இல்லையா’ என்றாள்,
என்னிடம் அல்ல.

இப்போது நான் செய்ய வேண்டியது
விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது.
ஐந்தாம் கூடத்தில் ஏதோ விளக்கு மினுக்குகிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
கதவுவரை நடந்தேன்.

முதுகுக்குப் பின்னால்
விரல்முட்டி ஒருமுறை தட்டிற்று.
சற்றுப் பொறுத்து
இன்னும் கீழே, இன்னும் மெதுவாக.
சங்குபோல் இல்லை அது,
மணிபோலவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள்.
தன்னுள் ஆழ்தல் என்றாள் வழிகாட்டி.
முன்பல் விழுந்த பையன் ஒருவன்
அவள் காலில் என்ன என்று
என்னைப் பார்த்துக் கேட்டான்.
நான் பேசக் கூடாது. அதுவும் விதி.

மத்தி முள் என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.